உப்பு ஏறிய தொட்டி

"கண்ணாடியைத் தட்டாதீங்க!"

அதட்டல் கேட்டதும் தீக்குச்சி கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். ஆனால் அதற்குள் மூன்று முறை தட்டி முடித்திருந்தான்.

உடம்பைப் பார்த்து வைத்த பட்டப்பெயர் அது. துப்பறிவாளரின் மனைவிக்கு அவன் கூடப்பிறந்த தம்பி. அந்த ஒரே தகுதியில் ஏழு வருடமாக அவருக்கு உதவியாளன். துப்பறிவாளருக்குத் தராசு என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்ப மாட்டார். இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையை ஆட்டுவார்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது கடல் மீன்களை இறக்குமதி செய்து விற்பவரின் வரவேற்பறை. எதிர்ச் சுவர் முழுக்க ஒரே கண்ணாடித் தொட்டி. அதன் பின்பக்கம் கறுப்புத் திரை. பவளக் கற்களுக்கு நடுவே மஞ்சள் மீன்கள் அலைந்தன. இடது மூலையில் இரண்டு கை அகலத்துக்கு ஒரு பச்சைச் சிப்பி வாயைத் திறந்து வைத்திருந்தது. அதன் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட ஓர் இறால்.

"இவருக்கு ஒரு பக்க மீசையைக் காணோமே. பாதி ஷேவிங்ல சலூன்ல கரண்ட் போயிருச்சா?" என்றான் தீக்குச்சி, இறாலைக் காட்டி.

இறக்குமதிக்காரர் சிரிக்கவில்லை. ஏசியின் குளிரில் அவருடைய வெள்ளைச் சட்டை காகிதம் போல் விறைத்திருந்தது.

"மீன் டாக்டரைப் பத்தித்தானே கேட்டீங்க?" என்றார். "தினமும் அவர் கடைக்கு வந்து போயிட்டிருக்கார்னு போலீஸே சொல்லிட்டாங்க. வீட்டுக்கு மட்டும் போகலை. புருஷன் பெண்டாட்டி தகராறுக்கு என்கிட்ட வந்தா நான் என்ன பண்றது?"

"நாளை மறுநாள் காலைல உங்களுக்கு எதிரா அவர் சாட்சி சொல்லணுமே," என்றார் தராசு.

"பயந்திருப்பார். பொய் சொல்றவனுக்குப் பயம் வரத்தானே செய்யும்?"

அந்த நிமிடம் சிப்பி படக்கென்று வாயை மூடிக்கொண்டது.

"சாட்சின்னதும் இது வாயை மூடிடுச்சு பாருங்க அத்தான். இதையும் யாராவது மிரட்டி வெச்சிருக்காங்களோ என்னவோ," என்றான் தீக்குச்சி.

அப்போதும் யாரும் சிரிக்கவில்லை. மோட்டாரின் உறுமல் மட்டும் சுவருக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை, வானம் இருட்டிக்கொண்டு நின்றது. மீன் டாக்டரின் கடைக்குள் இருவரும் நுழைந்தபோது அவருடைய மனைவி அங்கே காத்திருந்தாள். ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவள். கணவன் வீட்டுக்கு வராத பன்னிரண்டு நாளும் தூங்காத கண்கள். ஆனாலும் புடவை மடிப்புக் கலையாமல், அன்றைக்கும் வேலைக்குப் போகிறவளைப் போல் நின்றாள். உடைந்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும் போலும்.

முன்கடையில் அவளுடைய அண்ணன் ஷட்டரை அப்போதுதான் தூக்கியிருந்தார். மீன், தொட்டி, விளக்கு, தீனி விற்பது அவர் பொறுப்பு. பின்னறையில் மீன்களுக்கு வைத்தியம் பார்ப்பது தங்கை புருஷன் பொறுப்பு.

"மாப்பிள்ளை என் மூஞ்சியில முழிக்கிறதே இல்லைங்க," என்றார் அண்ணன். "நான் வர்றதுக்கு முன்னாடியே வந்து, வேலையை முடிச்சுட்டுப் போயிடுறார். அவர் எழுதி வெச்ச தாள்தான் இருக்கும். இன்னிக்கும் இருக்கு பாருங்க."

"நீங்க பின்னறைக்குப் போறதுண்டா?"

"ஐயோ, தண்ணியில கை வைக்கிறதெல்லாம் அவர் வேலை. எனக்கும் அதுக்கும் ரொம்ப தூரம்."

பின்னறை சின்னது. ஜன்னல் ஓரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் மணல் இல்லை, கல் இல்லை, செடி இல்லை. நாலைந்து பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், குமிழி விடும் ஒரு பஞ்சு, ஒரு ஹீட்டர். குழாய்க்குள்ளிருந்து ஒரு நீல மீன் எட்டிப் பார்த்தது. மூச்சு வாங்குவது போல் அதன் செவுள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

"வீட்டுச் சாமானெல்லாம் ஜப்தி பண்ணிட்டாங்களா இதுக்கு?" என்றான் தீக்குச்சி.

அவள் லேசாகச் சிரித்தாள். "இது குவாரன்டைன் தொட்டி. உடம்பு சரியில்லாத மீனை மட்டும் தனியா எடுத்து இங்க வெச்சு வைத்தியம் பார்ப்பார். இதுக்கு வெள்ளைப் புள்ளி நோய். தண்ணியில செம்பு மருந்து கலந்திருக்கு. மணலும் கல்லும் மருந்தைக் குடிச்சிடும்னு போட மாட்டார். மருந்து கொஞ்சம் கூடினா மீன் செத்துடும். குறைஞ்சா நோய் போகாது. அதனால தினமும் எல்லாத்தையும் அளந்து எழுதணும்."

நாளுக்கு ஒரு தாள். ஆணியில் தொங்கிய கிளிப் அட்டையில் தாள்கள் அடுக்காக இருந்தன. மருந்து எவ்வளவு, உப்பு எவ்வளவு, மீன் சாப்பிட்டதா என்று மூன்று வரி. அதற்குக் கீழே குறிப்பு.

"இதைக் காட்டித்தான் போலீஸ் என் புகாரை வாங்க மாட்டேன்னுட்டாங்க," என்றாள். "தினம் கடைக்கு வர்ற ஆளைக் காணோம்னு எப்படிம்மா எழுதுறதுன்னாங்க. 'உங்க மேல கோபம், கோர்ட்டு மேல பயம், வேற ஒண்ணும் இல்லை'ன்னு சிரிச்சாங்க. கையெழுத்து அவரோடதுதான். பதினாலு வருஷமாப் பார்க்கிறேன்."

"கோர்ட்டுக்குப் பயப்படுற ஆளா அவர்?"

"இல்லை. அந்த இறக்குமதிக்காரர் கோடவுன்ல ஹீட்டர் விரிசல் விட்டிருக்கு, உப்புத் தண்ணியில கரண்ட் பாயுதுன்னு ஒரு மாசம் முன்னாடியே முதலாளிக்குக் கடுதாசி குடுத்தவர். மாத்தலை. ஒரு லோடு தொழிலாளி தொட்டித் தண்ணியில கையை விட்டார். சத்தம் கூட இல்லாம விழுந்து செத்துட்டார்னு சொல்லிட்டு அன்னிக்கு ராத்திரி முழுக்க இவர் உட்கார்ந்தே இருந்தார். நாளைக்குப் பத்தரை மணிக்கு இவர் கூண்டுல ஏறலைன்னா, அந்தத் தொழிலாளியோட கவனக்குறைவுன்னு கேஸை மூடிடுவாங்க." குரல் இறங்கியது. "என்னை வேண்டாம்னு போயிருந்தாக்கூடப் பரவாயில்லை. உயிரோட இருக்காரான்னு மட்டும் சொல்லுங்க."

தராசு மேசையைப் பார்த்தார். உப்பின் அளவு பார்க்கும் சிறு குழல் ஒன்று கிடந்தது. தொட்டியில் விரலை நனைத்து அதன் நுனியில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கி ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு அதை அவளிடம் நீட்டினார்.

"எவ்வளவுன்னு நீங்களே படிங்கம்மா."

பார்த்தவள் திடுக்கிட்டாள். "நாற்பத்திரண்டா? முப்பத்தஞ்சுதானே இருக்கணும்!"

"தாள்ல தினமும் முப்பத்தஞ்சுன்னுதான் இருக்கு. இன்னிக்கும்."

"இருக்கவே முடியாது. இவ்வளவு ஏற அவர் விட மாட்டார்."

"எப்படி ஏறும்?"

அவள் அறை மூலையைக் காட்டினாள். இரண்டு டிரம்கள். ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. "நீலத்துல உப்புக் கலந்த தண்ணி. வெள்ளையில நல்ல தண்ணி. ஹீட்டர் சூட்டுல தொட்டித் தண்ணி தினம் ஒரு லிட்டர் ஆவியாப் போகும். ஆனா உப்பு போகாது. அடுப்புல கொதிக்கிறது சுண்டினா உப்புக் கரிக்குமே, அதே மாதிரிதான். அதனால குறைஞ்ச தண்ணிக்கு வெள்ளை டிரம்ல இருந்துதான் ஊத்தணும். யாரோ நீலத்துல இருந்து ஊத்தியிருக்காங்க."

"தொட்டி எத்தனை லிட்டர்?"

"அறுபது."

"மச்சான், போனை எடு. லிட்டருக்கு ஏழு கிராம் கூடியிருக்கு. அறுபது லிட்டருக்கு எவ்வளவு?"

"நானூத்தி இருபது," என்றான் தீக்குச்சி.

"நீல டிரம்ல ஒரு லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம் உப்பு. நானூத்தி இருபது கிராம்னா எத்தனை லிட்டர் ஊத்தியிருக்கணும்?"

தீக்குச்சி வகுத்தான். திரையில் வந்த எண்ணைத் தராசிடம் திருப்பிக் காட்டினான்.

"பன்னிரண்டு, அத்தான்."

பன்னிரண்டு லிட்டர். பன்னிரண்டு நாள். மீன் டாக்டர் இந்த அறைக்கு ஒரு நாள்கூட வரவில்லை.

"ஆனா எழுத்து அவரோடதுன்னு இவங்க சொல்றாங்களே!"

"அவரோடதுதான். ஆனா பார்க்காமலே எழுதியிருக்கார்," என்றார் தராசு மெதுவாக. "எங்கேயோ உட்கார்ந்து எழுதுறார். யாரோ கொண்டு வந்து இங்க மாட்டுறாங்க. அவர் சுதந்திரமா நடமாடுறார்னு ஊர் நம்பணும். நாளைக்கு வரலைன்னா, அவரே பின்வாங்கிட்டார்னு ஆகணும்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் பயமும் நிம்மதியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்க்கத் தீக்குச்சிக்குச் சங்கடமாக இருந்தது. கணவன் தன்னை விட்டுப் போகவில்லை. ஆனால் போனது எங்கே?

"குறிப்புகளைப் படிங்கம்மா," என்றார் தராசு. "ஒரு வீட்டு ஆள் படிக்கிற மாதிரி படிங்க."

முதல் சில நாட்கள் சாதாரணமாக இருந்தன. 'மீன் சாப்பிட்டது. புள்ளி குறைகிறது.' ஐந்தாம் தாளில் அவள் விரல் நின்றது.

"'இறால் மேலே ஏறி மீனைச் சுத்தம் செய்தது.' என்ன இது? செம்பு கலந்த தண்ணியில இறால் ஒரு நாள் தாங்காது. மீன் மேல இருக்கிற பூச்சிக்கு எது விஷமோ, அதேதான் இறாலுக்கும் விஷம்."

"அடுத்தது?"

"'சிவப்பு இறாலுக்கு ஒரு மீசை இல்லை.' 'வலது மூலைச் சிப்பி நன்றாகத் திறக்கிறது.' இந்தத் தொட்டியில சிப்பியே கிடையாதுங்க! தெரியாதவங்க படிச்சா மீன் விஷயம்னு விட்டுடுவாங்க. தெரிஞ்சவங்க..." அவள் குரல் உடைந்தது. "தெரிஞ்சவ நான் ஒருத்திதானே? எழுத்தைப் பார்த்ததோட சரி, கோபத்துல இந்தத் தாளை நான் படிக்கக்கூட இல்லையே!"

தீக்குச்சி துள்ளினான். "அத்தான்! ஒத்தை மீசை! நேத்துப் பார்த்தோமே!" மறுகணம் சுருங்கினான். "ஆனா அங்க சிப்பி இடது மூலையில இல்ல இருந்தது? இவர் வலதுன்னு எழுதியிருக்காரே."

தராசு அலமாரியிலிருந்து ஒரு காலித் தொட்டியை எடுத்து மேசை நடுவில் வைத்தார். அதன் ஒரு மூலையில் பஞ்சுத் துண்டைப் போட்டார்.

"பஞ்சு எந்தப் பக்கம்?"

"இடது."

"இப்ப இங்க வந்து, என் பக்கம் நின்னு பாரு."

தீக்குச்சி மேசையைச் சுற்றிக்கொண்டு போனான். கண்ணாடி வழியாகப் பார்த்தான்.

"வலது," என்றான்.

கறுப்புத் திரை. சுவருக்குப் பின்னால் ஓர் அறை, அங்கிருந்து தொட்டிக்குள் மேலே எட்டிப் பார்க்கலாம். நேற்று அவர்கள் சோபாவில் காலை ஆட்டிக்கொண்டு பேசிய அத்தனை நேரமும், நாலடி தூரத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம் அந்த மனிதர் இருந்திருக்கிறார்.

"சிப்பி எப்ப மூடும்மா?"

"மேல நிழல் விழுந்தா டக்குன்னு மூடிக்கும்."

"நேத்து மூடிச்சு. எங்க பக்கம் யாரும் அசையலை," என்றார் தராசு. பிறகு இன்றைய தாளைக் கிளிப்பிலிருந்து உருவித் தீக்குச்சியிடம் கொடுத்தார்.

குறிப்பு ஒரே வரி. 'மாலை கண்ணாடியில் மூன்று தட்டு. மீன் ஒளிந்துகொண்டது.'

தீக்குச்சி தன் விரல் முட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கொண்டு வந்து மாட்டினது யாரு?" என்று அவள் கேட்டாள்.

தராசு அவளைப் பார்க்கவில்லை. முன்கடைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "சார், ஒரு நிமிஷம்! தொட்டியில தண்ணி கோட்டுக்குக் கீழ இறங்கியிருக்கு. மீன் பாவம். கொஞ்சம் ஊத்துறீங்களா? எங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தண்ணீருக்கும் தனக்கும் ரொம்ப தூரம் என்று சற்றுமுன் சொன்ன மனிதர், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த அரை லிட்டர் மக்கை இருட்டிலேயே கை நீட்டி எடுத்தார். நேரே நீல டிரம்மிடம் போனார். ஒரு மக் முகந்து ஊற்றினார். இரண்டாவதை முகந்தபோதுதான் அறையின் அமைதி அவருக்கு உறைத்தது.

"ஏண்ணே, நீலம்?" என்றாள் தங்கை.

"கடல் மீனுக்குக் கடல் தண்ணிதானேம்மா ஊத்தணும்?"

"அவர் ஒரு நாளும் அப்படி ஊத்த மாட்டார்ண்ணே."

மக் கையிலிருந்து நழுவியது. உப்புத் தண்ணீர் தரையில் ஓடி அவள் செருப்பை நனைத்தது. அவள் காலை நகர்த்தவில்லை.

"அந்த இறக்குமதிக்காரன் மீன் தரலைன்னா இந்தக் கடையே இல்லடி," என்றார் அண்ணன், அழுகிறாரா கத்துகிறாரா என்று தெரியாத குரலில். "கேஸ் தேதி தாண்டுற வரைக்கும்தான்னான். சாப்பாடெல்லாம் நல்லாவே குடுக்கிறான். மாப்பிள்ளை மேல ஒரு கீறல் விழாதுன்னு சத்தியம் பண்ணினான். இன்னிக்குக் காலையில கூட நல்லாத்தான் இருக்கார்னு சொன்னான்."

"வேற என்ன சொன்னான்?" என்றார் தராசு.

அண்ணன் நனைந்த தரையைப் பார்த்தார். "நாளைக்குத் தாள் வேண்டாம்னான்."

"ஏன் வேண்டாம்?"

அதை அவர் இதுவரை யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. யோசித்தார். அவருடைய முகத்தில் மெல்ல மெல்ல ரத்தம் வற்றியது.

தராசு அதற்குள் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டிருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. நாற்பது நிமிடம் கழித்து, ஈரத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் நின்ற இன்ஸ்பெக்டருக்கு இன்னும் பாதி நம்பிக்கைதான். அண்ணன் வெளியே ஜீப்பில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

"உப்புக் கணக்கை நம்பி என் கதவை உடைக்கப் போறீங்களா?" என்றார் இறக்குமதிக்காரர். "அந்தப் பக்கம் மோட்டார் ரூம். சாவி எங்க ஆள்கிட்ட இருக்கு. அவன் வெளியூர் போயிருக்கான். நாளன்னைக்கு வாங்க, திறந்து காட்டுறேன்."

நாளன்னைக்கு. தீக்குச்சி அத்தானைப் பார்த்தான். அத்தான் சிப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது மூலையில் அது அகல வாய் திறந்திருந்தது. ஒத்தை மீசை இறால் அதன் பக்கத்தில் அசைந்தது. கறுப்புத் திரை அசையவில்லை.

மீன் டாக்டரின் மனைவி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஈரச் செருப்போடு நடந்து போய்க் கண்ணாடி முன் நின்றாள்.

"தட்டாதீங்கம்மா!" இறக்குமதிக்காரரின் குரல் கிறீச்சிட்டது.

அவள் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

மோட்டார் உறுமியது. மஞ்சள் மீன்கள் கற்களுக்குள் ஓடி ஒளிந்தன. வேறு எதுவும் நடக்கவில்லை. தீக்குச்சி மனதுக்குள் எண்ண ஆரம்பித்தான். பத்து வந்தது. இருபது வந்தது. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். அவளுடைய கை கண்ணாடியிலேயே இருந்தது. தாமதமாகிவிட்டதோ என்று தீக்குச்சி நினைத்தான். நேற்றே புரிந்திருந்தால், நேற்றே...

சிப்பி மூடிக்கொண்டது.

"யாரும் அசையாதீங்க," என்றார் தராசு. "இந்தப் பக்கம் நிழல் விழலை, இன்ஸ்பெக்டர்."

தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிக மெல்ல, கட்டப்பட்ட கையால் தட்டியது போல் ஒரு சத்தம் வந்தது. ஒன்று. வெகுநேரம் கழித்து இரண்டு. மூன்று.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். கதவு இரண்டாவது உதையில் திறந்தது.

மீன் டாக்டர் தொட்டியில் சாய்ந்தபடி தரையில் கிடந்தார். தாடி வளர்ந்திருந்தது. மணிக்கட்டுகளை ஒயரால் கட்டியிருந்தார்கள். தொட்டி விளிம்பில் இருந்த ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அது நேற்றுவரை அங்கே இல்லை என்று அவர் பிற்பாடு சொன்னார். நாளைக்குத் தாள் ஏன் வேண்டாம் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பிளக்கை முதலில் பிடுங்கியது தீக்குச்சிதான்.

அவள் மண்டியிட்டு அவர் கட்டை அவிழ்த்தாள். காய்ந்த உதட்டை அசைத்து அவர்தான் முதலில் கேட்டார்.

"நீல மீன் இருக்கா?"

"இருக்கு. உப்பு நாற்பத்திரண்டு. ஒரேடியா இறக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். தெரியும். நான் பார்த்துக்கிறேன். நீங்க நாளைக்குக் கோர்ட்டுக்குப் போங்க."

அவர் அவளையே பார்த்தார். அவளுடைய ஈரச் செருப்பைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே, மழையில் நின்ற ஜீப்பையும் அதற்குள் கவிழ்ந்திருந்த அவள் அண்ணனின் தலையையும் பார்த்தார்.

"மச்சான் எந்த டிரம்ல இருந்து ஊத்தினார்?"

"நீலம்," என்றாள் அவள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.